ஆய்வுக்கூடத்துக்குப் போகும் நம் பிள்ளைகள்

(நம் அறக்கட்டளையின் கல்வி உதவி வழங்கும் கூட்டத்தில், விலங்கியல் பேராசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் உடையார்பாளையத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.)





சற்று முன் உதவித்தொகை பெறும் பிள்ளைகளின் பட்டியலை வாசித்தார்கள். இன்ஜினியரிங், நர்சிங், பி.காம்., பார்மசி என்று வரிசையாக வந்தபோது எல்லோரும் தலையாட்டினீர்கள். பயோடெக்னாலஜி என்று நான்கு பெயர் வந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. நான்கும் பெண்பிள்ளைகள். "இதைப் படிச்சா என்ன வேலை?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டது மேடை வரை கேட்டது.

அவர் கேட்டதில் தப்பில்லை. மேடை ஏறுவதற்கு முன் ஒரு அம்மா என்னை நிறுத்தி இதையே கேட்டார். "சார், மக எம்.எஸ்சி. முடிச்சிட்டா. இன்னும் அஞ்சு வருஷம் ஆராய்ச்சி பண்ணணும்கிறா. ஸ்டெம் செல்லாம். நல்ல இடத்துல இருந்து பொண்ணு கேட்டு வந்திருக்காங்க. அவ அத்தா குவைத்துல இருந்து போன்ல என்னைத்தான் திட்டுறாரு. இந்தப் புள்ள அப்படி என்னத்தைத்தான் சார் பண்ணப் போகுது?" என்றார். என்ன பேசலாம் என்று குறித்து வைத்திருந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அந்த அம்மாவுக்குப் பதில் சொன்னால் இன்றைக்கு அதுவே போதும்.

முதலில், அது என்ன வேலை என்று பார்ப்போம். கையில் கீறல் விழுந்தால் ஒரு வாரத்தில் ஆறிவிடுகிறது. கல்லீரலில் பாதியை வெட்டி எடுத்தாலும் மீதி வளர்ந்து கொள்கிறது. ஆனால் மாரடைப்பில் இறந்துபோன இதயத் தசை திரும்ப முளைப்பதில்லை. முதுகுத்தண்டு அறுந்தால் ஒட்டுவதில்லை. அல்லாஹ் உடம்பின் சில இடங்களில் வைத்திருக்கிற இந்தப் புதுப்பிக்கும் சக்தியைப் புரிந்துகொண்டு, அது இல்லாத இடத்துக்கும் பயன்படுத்த முடியுமா என்று தேடுவதுதான் இந்தத் துறை. மறுஉருவாக்க மருத்துவம் என்கிறார்கள். உடம்பில் புதிய அணுக்களைப் பிறப்பித்துக் கொண்டே இருக்கிற மூல அணுக்கள் உண்டு. அவைதான் ஸ்டெம் செல்.

நம் வீட்டிலிருந்தே ஒரு உதாரணம் எடுப்போம். அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல் பூமி, சிமென்ட் ஆலைகளின் ஊர். வெற்றிலை போடும் பாட்டிகள் இருக்கும் வீட்டில் சுண்ணாம்பு டப்பாவோ பாக்கெட்டோ இருக்கும். குழந்தை அதை எடுத்து அமுக்கினால் கண்ணில் தெறிக்கும். கருவிழியும் வெள்ளை விழியும் சேருகிற ஓரத்தில்தான் கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. சுண்ணாம்பு அந்த ஓரத்தைப் பொசுக்கிவிட்டால் கருவிழி மேல் வெள்ளை படர்ந்து பார்வை போய்விடும். தானம் பெற்ற கருவிழியை வைத்தாலும் நிலைக்காது, மேல்தோலைப் புதுப்பிக்க ஆள் இல்லையே. (இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்ணில் சுண்ணாம்பு பட்டால் எண்ணெய், தாய்ப்பால் என்று எதையும் ஊற்றாதீர்கள். உடனே நல்ல தண்ணீரால் குறைந்தது கால் மணி நேரம் விடாமல் கழுவுங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.)

ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு துளி திசுவை எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, கெட்ட கண்ணில் வைத்தார்கள். 2001 முதல் இது நடந்தது. ஆனால் செல் வளர்க்க உயர்ந்த ஆய்வகம் வேண்டும், பணம் வேண்டும். அப்புறம் விரேந்தர் சங்வான், அப்போது இளம் மருத்துவராக இருந்த சயன் பாசு, இன்னும் சிலர் சேர்ந்து 2012-ல் எளிய முறை ஒன்றை எழுதி வெளியிட்டார்கள். 2 மில்லிமீட்டர் அளவுத் திசுவை எட்டுப் பத்துத் துணுக்காக நறுக்கிக் கெட்ட கண்ணின் மேலேயே பசை வைத்து ஒட்டிவிடுவது. செல் கண்ணிலேயே வளர்ந்து கொள்ளும், தனி ஆய்வகம் வேண்டாம். இப்போது வெளிநாட்டு டாக்டர்களும் இந்த முறையைச் செய்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? ஆனால் பத்து வருஷம் செல்களை வளர்த்துப் பழகி, அவை எப்படி நகரும், எங்கே ஒட்டும் என்று பார்த்த பிறகுதான் "இது தானாகவே வளரும்" என்று நம்பிக் கைவைக்க முடிந்தது.

அடுத்தது இன்னும் நெருக்கமான விஷயம். நம் வீடுகளில் சுன்னத் நடக்கிறது. சில பிள்ளைகளுக்கு ரத்தம் நிற்காது. பொடி போட்டும் நிற்காது, தையல் போட்டும் கசியும். அப்போதுதான் பிள்ளைக்கு ஹீமோஃபீலியா இருப்பது தெரியவரும். ரத்தம் உறைய வைக்கும் ஃபேக்டர் 8 என்ற புரதம் உடம்பில் போதாமல் இருப்பதுதான் ஹீமோஃபீலியா ஏ. ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. பெரும்பாலும் தாய் வழியாக வரும், தாய்க்கு ஒன்றும் தெரியாது. தாயின் சகோதரனுக்கோ, அவர் அக்கா தங்கையின் மகனுக்கோ ரத்தம் நிற்காத கதை இருந்தால், சுன்னத்துக்கு முன் ரத்தம் உறையும் பரிசோதனை செய்யாமல் கத்தியைத் தொடவிடாதீர்கள். நோய் இருக்கிற பிள்ளைக்கு முட்டியில் ரத்தம் கட்டி, காலப்போக்கில் கால் மடங்காமல் போகும். ஃபேக்டர் ஊசியை ஆயுள் முழுக்கப் போட வேண்டும்.

நம் தமிழ்நாட்டில், வேலூர் சி.எம்.சி.யில், 1986-லேயே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது. 2005-ல் மத்திய அரசின் உயிரி தொழில்நுட்பத் துறை உதவியோடு அங்கேயே பாகாயம் வளாகத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் வந்தது. அலோக் ஸ்ரீவஸ்தவா என்ற ரத்தநோய் மருத்துவர் அதை வழிநடத்தினார். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அவர்கள் செய்த வேலை 2024 டிசம்பரில் வெளிவந்தது. கடுமையான ஹீமோஃபீலியா உள்ள 5 பேரின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, ஃபேக்டர் 8 செய்யும் மரபணுவை அதற்குள் சேர்த்து, திரும்ப அவர்கள் உடம்பிலேயே செலுத்தினார்கள். கண்காணித்த காலத்தில் அந்த 5 பேருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை. இந்தியாவில் ஹீமோஃபீலியாவுக்கு நடந்த முதல் மரபணு சிகிச்சை இது. நாளைக்கே வேலூருக்கு பஸ் ஏறிவிடாதீர்கள். 5 பேர் என்பது தொடக்கம்தான். சிகிச்சைக்கு முன் கடுமையான மருந்து கொடுத்துப் பழைய மஜ்ஜையை ஒதுக்க வேண்டியிருக்கிறது. அது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, இன்னும் பல வருஷம் பார்க்க வேண்டும்.

2005-க்கும் 2024-க்கும் நடுவில் 19 வருஷம். அந்த 19 வருஷமும் ஒரு டாக்டர் தனியாகச் செய்துவிடவில்லை. இப்படிப்பட்ட எந்த ஆய்வகத்திலும் ராத்திரி எட்டு மணிக்கு விளக்கு எரிந்தால் உள்ளே இருப்பது 23 வயது, 27 வயது, 31 வயதுப் பிள்ளைகள். பேராசிரியர் திட்டம் போடுவார், பணம் கேட்டு எழுதுவார், திருத்துவார். செல்லைத் தொடுவது ஆராய்ச்சி மாணவர்.

ஜப்பானில் ஷின்யா யமனகா என்ற டாக்டர் இருக்கிறார். அறுவை சிகிச்சையில் அவர் கை அவ்வளவு வேகமில்லை என்று கூட இருந்தவர்களே கேலி செய்வார்களாம். ஆராய்ச்சிக்கு வந்தார். 2000-ல் அவர் ஆய்வகத்தில் கசுதோஷி தகஹாஷி என்ற மாணவர் சேர்ந்தார். அவர் படித்தது இன்ஜினியரிங், உயிரியல் புதிது. சாதாரணத் தோல் செல்லைப் பின்னோக்கித் திருப்பி, எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக்க முடியுமா என்பது கேள்வி. 24 மரபணுக்களைச் சந்தேகப்பட்டார்கள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. தகஹாஷி 24-ஐயும் ஒன்றாகப் போட்டார், செல் மாறியது. பிறகு ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற 23-ஐப் போட்டுப் பார்த்தார். எதை விட்டால் காரியம் கெடுகிறதோ அதுதான் தேவையானது. கடைசியில் நான்கு மிஞ்சின. 2006-ல் எலியின் செல்லில், 2007-ல் மனித செல்லில். 2012-ல் யமனகாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தகஹாஷி பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் செய்த அந்தக் கழித்தல் கணக்கு நம் ஊர்ப் பெண் போட முடியாத கணக்கு இல்லை.

அந்தப் பரிசை யமனகாவோடு பகிர்ந்துகொண்ட இங்கிலாந்தின் ஜான் கர்டன், பள்ளியில் உயிரியலில் 250 மாணவர்களில் கடைசி. மதிப்பெண் குறைந்தவர்கள் இதைக் கேட்டு ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம், அவர் அதற்குப் பிறகு உழைத்தார்.

இப்போது அந்த வேலையின் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். மறைத்தால் நாளைக்கு நீங்கள் என்னைத்தான் கேட்பீர்கள். செல்கள் 37 டிகிரி சூட்டில், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு உள்ள பெட்டிக்குள் வளரும். கைக்குழந்தை மாதிரி. தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் அதன் உணவுத் திரவத்தை மாற்ற வேண்டும். ஞாயிறு, பெருநாள் என்று அதற்குத் தெரியாது. பெருநாள் தொழுகை முடிந்து பிரியாணி சாப்பிடாமல் ஆய்வகத்துக்கு ஓடும் பிள்ளைகள் உண்டு. அப்படிப் பார்த்துப் பார்த்து நான்கு மாதம் வளர்த்ததில் ஒருநாள் காலை பூஞ்சை பிடித்திருக்கும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அன்றைக்கு வீட்டுக்குப் போன் செய்தால், "என்னம்மா, இன்னும் முடிக்கலையா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி பிள்ளையை என்ன செய்யும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2014 ஜனவரியில் இதே துறையில் ஜப்பானிலிருந்து உலகமே வியந்த இரண்டு கட்டுரைகள் வந்தன. தரவுகள் சரியில்லை என்று தெரிந்து அதே ஜூலையில் திரும்பப் பெற்றார்கள். முதல் பெயர் ஒரு இளம் ஆய்வாளருடையது. "வரவில்லை" என்று வந்து சொல்லக்கூடிய தைரியம் பிள்ளைக்கு வேண்டும். அதைக் கேட்டுக்கொள்ளும் பொறுமை வீட்டுக்கு வேண்டும்.

பணம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அடுத்த மூன்று வருஷம் 42,000. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. வீட்டு வாடகைப்படி தனி. "படிக்கிறதுக்கு அவங்க பணம் தர்றாங்களா?" என்று அந்த அம்மா ஆச்சரியப்பட்டார். ஆமாம்மா, தருகிறார்கள். ஆனால் எல்லா மாதமும் ஒன்றாம் தேதி வராது. மூன்று மாதம், ஆறு மாதம் சேர்த்து வருவதும் உண்டு. இடையில் ஹாஸ்டல் கட்டணம், சாப்பாடு எல்லாம் நிற்காது. நம் பிள்ளைகள் ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் கிடைத்த வேலைக்குப் போவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். அறிவு போதாமல் யாரும் விடுவதில்லை.

சிறுபான்மை மாணவர்கள் முனைவர் பட்டம் படிக்க மௌலானா ஆசாத் ஃபெலோஷிப் என்று ஒன்று இருந்தது. 2022-23 முதல் அதை நிறுத்திவிட்டதாக 2022 டிசம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. மற்ற உதவித்திட்டங்களோடு ஒன்றுக்கொன்று மோதுகிறது என்று காரணம் சொன்னார்கள். எனக்கு அந்தக் காரணம் சரியாகப் படவில்லை. ஒரே ஆள் இரண்டு ஃபெலோஷிப் வாங்க முடியாதே, பிறகு என்ன மோதல்? அது போகட்டும். கையில் இருக்கும் வழியைப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? மாநில அரசின் பி.சி. முஸ்லிம் சான்றிதழை எடுத்துக்கொண்டு மத்திய நிறுவனத்துக்குப் போகிறோம். அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், 'நான்-க்ரீமி லேயர்' என்று போட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதையும் காலாவதியாகாமல் புதுப்பிக்க வேண்டும். இது இல்லாததால் பொதுப் பிரிவில் போட்டியிட்டு ஒன்றிரண்டு மார்க்கில் வாய்ப்பை இழப்பவர்கள் இருக்கிறார்கள். இ-சேவை மையத்தில் முடிகிற வேலை. ஜே.ஆர்.எஃப். வயது வரம்பில் ஓ.பி.சி.க்கும் பெண்களுக்கும் 5 வருஷச் சலுகையும் உண்டு.

பட்டப்படிப்பில் இருக்கும் பிள்ளைகள் எம்.எஸ்சி.க்கு ஜி.ஏ.டி.-பி என்ற தேர்வை எழுதிப் பாருங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நல்ல ஆய்வகத்தோடு சேரலாம். திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே செல் வளர்க்கும் ஆய்வகத்தில் இரண்டு மாதம் பயிற்சிக்குப் போய்வந்த பிள்ளைக்கு, இந்த வேலை தனக்குப் பிடிக்கிறதா என்று தானே தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் திரும்பி வரட்டும். நர்சிங்கும் பார்மசியும் எங்கேயும் ஓடிப்போகாது.

கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். அந்த அம்மா அதைத்தான் முக்கியமாகக் கேட்டார். நான் சொன்னது இதுதான்: கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பெண் கேட்டு வந்தவர்களிடம், அவள் ஆராய்ச்சியை முடிப்பாள் என்பதை நிச்சயத்துக்கு முன்பே பேசுங்கள். சீர்வரிசையில் எத்தனை பவுன் என்று பேச ஒரு மணி நேரம் ஆகிறதே, இதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். சம்மதிக்கிற குடும்பமும் இருக்கிறது. நடுவில் குழந்தை பிறந்து இரண்டு மூன்று வருஷம் விட்டுப்போனால் கதவு மூடிவிடாது. அப்படி இடைவெளி விட்ட பெண் விஞ்ஞானிகள் திரும்ப வருவதற்கும் உதவும்படி மத்திய உயிரி தொழில்நுட்பத் துறையில் 'பயோகேர்' என்ற திட்டம் கொண்டுவந்தார்கள்.

மார்க்கத்தில் இதற்கு இடம் உண்டா என்று ஒரு பெரியவர் கேட்டார். ஆலிம்கள் இருக்கும் சபையில் நான் ஃபத்வா சொல்ல மாட்டேன், நடந்ததை மட்டும் சொல்கிறேன். 2003-ல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் சபை இதை ஆராய்ந்தது. பெரியவர்களின் உடம்பு, தொப்புள்கொடி, நஞ்சுக்கொடி இவற்றிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் பயன்படுத்துவதை அனுமதித்தது. வேண்டுமென்றே கலைத்த கருவிலிருந்து எடுப்பதைத் தடுத்தது. ஈரானில் 1991-ல் தொடங்கிய ரோயான் ஆய்வு நிலையம் இந்தத் துறையில் உலகம் அறிந்த இடம். நான் சொன்ன கண் சிகிச்சையும் வேலூர் சிகிச்சையும் நோயாளியின் சொந்த செல்லை வைத்தே நடந்தவை.

இன்னொரு எச்சரிக்கை. இதே பெயரை வைத்துக் கடை விரித்திருப்பவர்கள் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தை, பக்கவாதம் வந்த அத்தா, நடக்க முடியாத பிள்ளை, யாராக இருந்தாலும் "ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும், மூன்று லட்சம், ஐந்து லட்சம்" என்பார்கள். நகையை அடகு வைத்து, முந்திரித் தோப்பை விற்றுப் போகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. சில ரத்தநோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைதான் ஏற்கப்பட்டது. மற்றதெல்லாம் ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றால் அரசின் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் இருக்க வேண்டும், நோயாளியிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் சொல்லிவிட்டது. பதிவு எண்ணைக் கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கு?" என்று சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். நம் ஊரில் இந்தத் துறை படித்த ஒரு பெண் இருந்தால், அந்த விளம்பரத்தாளை அவளிடம் காட்டி ஐந்து நிமிஷத்தில் கேட்டுவிடலாம் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை. நம் உதவி விதிப்படி பட்டப்படிப்போடு உதவி நின்றுவிடுகிறது. எம்.எஸ்சி. முடித்தவர்களுக்கு நன்கொடை கேட்கவில்லை. கர்ழே ஹஸனாவாக, வட்டியில்லாத அழகிய கடனாகக் கொடுங்கள். நேர்முகத் தேர்வுக்கு பெங்களூரு, ஹைதராபாத் போய்வரச் செலவு, ஃபெலோஷிப் தாமதமாகும் மாதங்களில் ஹாஸ்டல் கட்டணம், இவ்வளவுதான். நிலுவைத் தொகை மொத்தமாக வந்ததும் அவர்கள் திருப்பிக் கட்டட்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டாது. எந்த நிதியிலிருந்து என்பதை நீங்களும் இமாமும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். முதல் கடனுக்கு என் பென்ஷனிலிருந்து 10,000 ரூபாய் தருகிறேன். செயலாளரிடம் இப்போதே கொடுத்துவிடுகிறேன்.

அந்த அம்மாவின் மகள், அவள் அத்தாவிடம் நான் ஒருமுறை போனில் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை அங்கே லீவு, ஜும்ஆவுக்குப் பிறகு பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன். நெட் தேர்வு எழுத நினைக்கும் மற்ற பிள்ளைகள் சாதிச் சான்றிதழ் நகலோடு இன்று அஸருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். படிவத்தை உட்கார்ந்து நிரப்புவோம்.